போமண்ட் தம்பதியரும் அவர்தம் நண்பர் குழாமும்

லண்டன் தேசிய ஓவியக் கூடம் 1824-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் திறக்கப்பெற்றது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இத்தகைய கூடங்கள் மன்னர்களின் செல்வத்தினின்றும் பிறந்தன. இங்கிலாந்திலோ அஃது ஆங்கர்ஸ்டைன் என்னும் வணிகர் வாழ்ந்த வீட்டில், அவர் விட்டுச் சென்ற 38 ஓவியங்களைக் கொண்டு தொடங்கியது. அத்தொடக்கத்திற்காக அரசினரை விடாது தூண்டியவர்களுள் ஒருவர் சர் ஜார்ஜ் போமண்ட். ஆங்கிலக் கவிஞர் வோர்ட்ஸ்வொர்த்தைக் கற்றவர்கள் இப்பெயரைக் கேள்வியுற்றிருக்கலாம். அவருடைய துணைவியார் மார்கரெட்டை அறிந்தோர் அவரினும் குறைவு.

போமண்ட் 1753-இல் பிறந்தவர். சிறுவராக இருந்தபோதே குடும்பச் சொத்துக்கு உரியவரானார். ஈட்டன் பள்ளியில் ஓவியம் கற்றுத் தாமும் இயற்கைக் காட்சிகளை வரைந்தார். 1778-இல் மார்கரெட் வில்ஸ் என்னும் நங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. லெஸ்டர்ஷயர் வட்டாரத்துக் கோலோர்ட்டனில் அவர்களுக்கு நிலமும் நிலக்கரிச் சுரங்கமும் இருந்தன. நிலக்கரியால் வந்த பணம் ஓவியமாகவும் கவிஞர்க்கு உதவியாகவும் மாறிற்று எனலாம்.

புரவலர் என்றதும், பாடிப் பரிசில் பெற்றுச் செல்லும் புலவரே நம் நினைவுக்கு வருவர். போமண்ட் வோர்ட்ஸ்வொர்த்துக்குப் பரிசில் அளித்ததோ அவரை நேரிற் காண்பதற்கு முன்பே. 1803-ஆம் ஆண்டு கெசிக் நகரில் கோல்ரிட்ஜைக் கண்டு பழகிய போமண்ட், இவ்விரு கவிஞரும் அருகருகே வாழ்ந்தால் நலம் எனக் கருதினார். அவ்வூருக்கு அண்மையில் ஆப்பிள்த்வெயிட் என்னுமிடத்தில் ஒரு நிலத்தை வாங்கி வோர்ட்ஸ்வொர்த்துக்கு வழங்கினார். கவிஞர் அங்கு வீடு கட்டவேயில்லை; ஆயினும் நட்பு நிலைத்தது. 1806-ஆம் ஆண்டு இறுதியில் வோர்ட்ஸ்வொர்த் குடும்பத்தார் கோலோர்ட்டனில் போமண்ட் தந்த பண்ணை வீட்டில் வந்து தங்கினர். புதிய மாளிகை அப்போது எழும்பிக்கொண்டிருந்தது. கோல்ரிட்ஜும் தம் மகனுடன் வந்து சேர்ந்தார். தம் உள்ளம் வளர்ந்த வரலாற்றைப் பாடிய நெடும்பாடலை வோர்ட்ஸ்வொர்த் படித்துக் காட்ட, கோல்ரிட்ஜ் பல இரவுகள் அமர்ந்து கேட்டது அங்கேதான். அந்நெடும்பாடல் அச்சேறியதோ 1850-இல்.

அம்மையார் கவிஞரிடம் விரும்பிக் கேட்டது வேறு. பழைய கல்வெட்டுக் குழியொன்றில் குளிர்காலத்திலும் பசுமை மாறாத தோட்டம் ஒன்று அமைக்க அவர் விழைந்தார். வோர்ட்ஸ்வொர்த் அதற்குத் திட்டம் வகுத்து மிக நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். 1807-இல் கவிஞரின் நூலைப் பலரும் எள்ளி நகையாடியபோது மனம் வருந்தியவரும் அம்மையாரே. அவருக்கு ஆறுதல் கூற எழுதிய மடலில்தான், புதுமை படைக்கும் எழுத்தாளன் தன்னைச் சுவைக்கும் உள்ளத்தையும் தானே உருவாக்க வேண்டும் என்னும் கருத்தை வோர்ட்ஸ்வொர்த் வெளியிட்டார். இலக்கியத் திறனாய்வில் இன்றும் பேசப்பெறும் அக்கருத்து பிறந்தது ஒரு பெண்மணியின் கவலையால் என்பது மறக்கத்தக்கதன்று. 1803-இல் தமக்குக் கிடைத்த மரபுரிமைப் பணத்தைக் கொண்டு ரூபன்ஸ் வரைந்த பெரிய இயற்கைக் காட்சி ஒன்றை 1500 பவுனுக்கு வாங்கிக் கணவருக்குப் பரிசளித்தவரும் இவரே.

போமண்டின் தூரிகை கவிஞருக்கும் பயன்பட்டது. 1805 பிப்ரவரியில் வோர்ட்ஸ்வொர்த்தின் தம்பி ஜான், தாம் தலைவராக இருந்த கப்பல் வேமத் அருகே மூழ்கியதால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டில், புயலில் நிற்கும் பீல் கோட்டையைத் தீட்டிய போமண்டின் ஓவியம் காட்சிக்கு வந்தது. அதனைக் கண்ட வோர்ட்ஸ்வொர்த் பாடிய இரங்கற்பா, அவர் படைப்புக்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று. ஓவியம் என்னவோ நடுத்தரமானதுதான். பாட்டினால் அது வாழ்கிறது.

ஓவியர்களிடத்து நட்பு இவ்வளவு எளிதாக நடைபெறவில்லை. இளைஞராக வந்த டேவிட் வில்கிக்கு ‘குருட்டுப் பிடில் இசைஞன்’ என்னும் ஓவியத்திற்காகப் போமண்ட் 50 கினி கொடுத்தார்; அந்நட்பு இனிது சென்றது. ஹேடனுக்கோ மாக்பெத் காட்சியை வரையும் பணி தரப்பட்டது. அவர் தம் விருப்பம்போல் திரையைப் பெரிதாக்கிக்கொண்டார். ஓவியத்தின் அளவு பற்றி எழுந்த பூசல் ஆண்டுக் கணக்கில் நீண்டது. இதில் குற்றம் பெரும்பாலும் ஹேடனுடையதே.

டர்னர் செய்தியில் அவ்வாறு கூற இயலாது. பழைய ஓவியங்களின் பழுப்பு நிறத்தில் தோய்ந்த போமண்டின் கண்ணுக்கு, டர்னரின் ஒளியும் வெண்மையும் கேடாகவே தோன்றின. தாம் செல்லும் விருந்துகளிலெல்லாம் அவர் இதனைச் சொல்லி வந்தார். செல்வர்கள் அவர் சொல்லைக் கேட்டே ஓவியம் வாங்கிய காலம் அது. டர்னரைப் பின்பற்றிய கால்காட் 1813-இல் அரச கலைக்கழகக் காட்சிக்கு ஓவியமே அனுப்பவில்லை. தம் படங்கள் விலை போகாமைக்குப் போமண்டின் பேச்சே காரணம் என்றார். கலையை நேசித்த ஒருவர் தம் காலத்துப் பெருங்கலைஞனை அறியாது போனார். அறியாததோடு அமையாமல் அவர் வழியிலும் நின்றார். அவருடைய நற்பண்புகளை எடுத்துரைப்போர் இதனை மறைத்தல் முறையன்று.

ஆனால் கான்ஸ்டபிள்? அவரும் பசுமையையே வரைந்தார். எனினும் இருவருக்கும் பிரிக்க முடியாத அன்பு இருந்தது. போமண்டின் அன்னையார் டெடம் என்னும் ஊரில் வாழ்ந்தார். ஏறத்தாழ 1795-இல், மாவு அரைக்கும் ஆலை உரிமையாளரின் மகனான கான்ஸ்டபிள் அங்கேதான் போமண்டைக் கண்டார். கிளாட் லொரேன் 1646-இல் வரைந்த ‘ஆகாரும் தேவதூதனும்’ என்னும் சிற்றோவியத்தையும் அப்போதே முதன்முதல் கண்டார். போமண்ட் அதைப் பிரிய மாட்டாது, பெட்டியிலிட்டு வண்டியில் தம்முடன் கொண்டு திரிவாராம்.

1823-ஆம் ஆண்டின் இறுதியில் கான்ஸ்டபிள் கோலோர்ட்டனில் ஏறக்குறைய ஆறு வாரம் தங்கினார். பகலெல்லாம் இருவரும் ஓவிய அறையில். மாலையில் ஷேக்ஸ்பியர் வாசிப்பு. வீட்டில் குழந்தைகளோடு காத்திருந்த மனைவிக்கு அவர் வருவதாகச் சொன்ன நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. ஓவியத்திற்குப் பழைய பிடிலின் நிறமே ஏற்றது என்று போமண்ட் வற்புறுத்தியதாகவும், கான்ஸ்டபிள் மறுமொழி கூறாது ஒரு பிடிலைக் கொண்டுபோய் வீட்டெதிரே பசும்புல்லின்மேல் கிடத்தியதாகவும் ஒரு செய்தி உண்டு. உமது படத்தில் பழுப்பு மரத்தை எங்கே வைப்பீர் என்று கேட்டதற்கு, அப்படியொன்றை நான் வைப்பதேயில்லை என்றாராம். விருந்தினர் இப்படிப் பேசியும் விருந்தோம்புவார் முகம் கோணவில்லை. டர்னரிடம் காட்டாத பொறுமையை இவரிடம் காட்டியதற்குக் காரணம், இவர் நெஞ்சார அந்தக் கிளாடை நேசித்ததே என்று நான் எண்ணுகிறேன்.

அதே 1823-ஆம் ஆண்டில் போமண்ட் அரசினர்க்கு ஒரு வாக்குறுதி அளித்தார். ஆங்கர்ஸ்டைனின் ஓவியங்களை அரசு வாங்கி, அவற்றிற்குத் தக்க இடமும் அமைத்தால், தம் ஓவியங்களுள் சிறந்த 16-ஐ நாட்டுக்கு அளிப்பதாகக் கூறினார். நாடாளுமன்றம் 57,000 பவுனுக்கு இசைந்தது. 1826-இல் அவருடைய ஓவியங்கள் கூடத்தை அடைந்தன. அவற்றுள் ‘ஆகாரும்’ ஒன்று. கொடுத்த பின்னர் அவரால் அதைப் பிரிந்திருக்க இயலவில்லை. தம் வாழ்நாள்வரை இரவலாகத் திருப்பித் தருமாறு வேண்டினார். தாம் ஈந்த பொருளைத் தாமே இரந்து பெற்ற வள்ளல்! கூடத்தார் இசைந்தனர். 1827 பிப்ரவரி 7-ஆம் நாள் அவர் மறைந்தார். வோர்ட்ஸ்வொர்த்துக்கு ஆண்டுதோறும் 100 பவுன் கிடைக்க வழி செய்திருந்தார். அம்மையார் 1829-இல் மறைந்தார். அவர்கள் 1822-இல் ரோமிலிருந்து கொண்டுவந்த மைக்கேல் ஆஞ்சலோவின் வட்டவடிவச் சிற்பம் 1830-இல் அரச கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

கோலோர்ட்டன் தோட்டத்தில், தம் ஆசானெனப் போற்றிய ஓவியர் ரெனால்ட்ஸின் நினைவாகப் போமண்ட் ஒரு கல் நாட்டியிருந்தார். அதில் பொறித்த வரிகள் வோர்ட்ஸ்வொர்த்துடையவை. 1823-இல் அதைத் தாளில் வரைந்து சென்ற கான்ஸ்டபிள், பதின்மூன்று ஆண்டு கழித்து, நண்பர் மறைந்த பின்னர், அதைப் பெரிய ஓவியமாக்கிக் காட்சிக்கு வைத்தார். அவர் வாழ்நாளின் இறுதி ஓவியங்களுள் அஃது ஒன்று. அதுவும் பின்னாளில் தேசிய ஓவியக் கூடத்தையே அடைந்தது. நினைவுக் கல்லைச் சூழ்ந்து நிற்பவை இலையுதிர் காலத்து மரங்கள். அவற்றின் நிறம் பழுப்பு.