கால் முதலில், கத்தரி பிறகு

பிரைம் லென்ஸில் ஜூம் கிடையாது. ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் கிட்டே போக வேண்டும், சிறிதாகத் தெரிய வேண்டுமானால் பின்னால் வர வேண்டும். இதனாலேயே அந்த லென்ஸில் பழகுகிறவர்களிடம் ஒரு வைராக்கியம் வளர்ந்திருக்கிறது: எடுத்த படத்தை எடுத்தபடியே காட்ட வேண்டும், ஓரத்தை வெட்டி கிராப் செய்வது கள்ளத்தனம். வெட்டாத படம் உலகத்தில் ஏது என்று மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. இரு தரப்பும் லென்ஸுக்கு விசுவாசமாக இருக்கிறோமா என்றே பேசுகிறார்கள். நான் விசுவாசம் காட்ட விரும்புவது படத்தில் இருக்கும் மனிதர்களுக்கு. ஓரத்தை வெட்டும்போது அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் அந்த வெட்டு நியாயமா என்று சொல்ல முடியும். படம் எடுக்கும் வரிசையிலேயே இதை விளக்குகிறேன். இடம், மதுரை காளவாசல்.

பைபாஸ் ரோடும் தேனி ரோடும் சந்திக்கும் முக்கு இது. 2020-இல் திறக்கப்பட்ட மேம்பாலம் பைபாஸ் ரோட்டு வண்டிகளில் ஒரு பகுதியை மேலே ஏற்றிக்கொண்டது. கீழே தேனி ரோடு, விராட்டிபத்து, நாகமலைப் புதுக்கோட்டை என்று மேற்கே போகிறது. சாலை மேற்குப் பார்த்திருப்பதால் சாயங்கால வெயில் சாய்வாகப் பாலத்தின் அடிக்குள் நுழைந்து தூண்களின் ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கும். அந்த வெளிச்சத்துக்காகவே இங்கே நிற்கலாம். ஆனால் உசிலம்பட்டி பஸ், ஷேர் ஆட்டோ, தலைக்கு மேலே விளம்பரத் தட்டி, குறுக்கே ஒயர் என்று ஃபிரேமின் நான்கு ஓரத்திலும் ஏதாவது ஒன்று நுழைந்துகொண்டே இருக்கும். வெட்டும் ஆசையைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் மதுரையில் எனக்குத் தெரியாது.

முதல் வேலை, லென்ஸ் பார்க்கும் அகலத்தை மனப்பாடம் செய்வது. ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் இருந்தால், 3 மீட்டர் தள்ளி நிற்கும்போது ஃபிரேமுக்குள் சுமார் 2 மீட்டர் அகலம் வரும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் நின்றிருக்கும் ஓர் ஆள் தலை முதல் கால் வரை அடங்குவார். அதே கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் அதே தூரத்தில் 1.4 மீட்டர் அகலம்தான். நாலு எட்டு வைத்தால் ஏறக்குறைய 3 மீட்டர். இந்தக் கணக்கு காலுக்குப் பழகிவிட்டால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே ஃபிரேம் எங்கே முடியும் என்று தெரியும். ஓரம் தெரியாமல் எடுத்தவருக்குத்தான் வீட்டில் கத்தரிக்கு வேலை அதிகம்.

அடுத்தது நிற்கும் இடம். கிட்டே போவதும் கிராப் செய்வதும் ஒன்றுதான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒன்றே இல்லை. ஒரு பாலத்தூண், அதற்கு 6 மீட்டர் முன்னால் பூக்கட்டும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடமிருந்து 3 மீட்டரில் நின்றால் தூண் நம்மிடமிருந்து 9 மீட்டரில் இருக்கிறது, அதாவது அவரைப் போல மூன்று மடங்கு தூரம். 6 மீட்டரில் நின்றால் தூண் 12 மீட்டரில், அவரைப் போல இரண்டு மடங்கு தூரம்தான். இப்படித் தள்ளி நின்று எடுத்துவிட்டு, அக்கா முதல் படத்தில் இருந்த அளவுக்கு வரும்வரை ஓரங்களை வெட்டினால், தூண் முதல் படத்தில் இருந்ததைவிட ஒன்றரை மடங்கு பருத்து அவர் முதுகில் ஏறி நிற்கும். ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதத்தை நிற்கும் தூரம் தீர்மானிக்கிறது. கத்தரியால் அதை மாற்றவே முடியாது. 35 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால், அதே இடத்தில் நின்று 70 மி.மீ. லென்ஸில் எடுத்தால் வரும் காட்சி கிடைக்கும். ஆகவே கிராப் நீள லென்ஸின் வேலையைச் செய்யும், காலின் வேலையைச் செய்யாது. பாலம் அவரை அமுக்குவது போல இருக்க வேண்டுமா, அவர் கையும் பூவும் முன்னே வந்து பாலம் பின்னே ஒதுங்க வேண்டுமா என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். அந்த முடிவுதான் நாம் நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லும். ஆள் ஃபிரேமில் எவ்வளவு பெரிது என்பது அதற்கு அப்புறம்தான்.

3 மீட்டர் என்பது பேச்சுக் கேட்கும் தூரம். ஒளிந்து எடுக்க வழியில்லை, அதுவே இந்த லென்ஸின் பெரிய நன்மை. “அக்கா, பூக் கட்டுறதை ஒரு படம் எடுத்துக்கிறேன்க்கா” என்று கேட்டால், “எடுத்துக்கங்க தம்பி, யாவாரத்தை மறிக்காம நில்லுங்க” என்கிற மாதிரி பதில் வரும். எங்கே நிற்கக் கூடாது என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

கால் போக முடியாத இடங்கள் இப்படித்தான் வரும். வாடிக்கைக்காரர் நிற்கும் பக்கம் ஒன்று. பஸ் திரும்பும் வளைவு இன்னொன்று, ஒரு படத்துக்காக அங்கே இறங்குவது புத்தியில்லை. மதுரைக்காரர்களுக்கு இதைவிடக் கடுமையான உதாரணங்கள் தெரியும். தை மாதம் அவனியாபுரத்திலோ பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறக்கும்போது, தடுப்புக்கு இந்தப் பக்கம் கிடைத்த இடத்தில்தான் நிற்க முடியும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது அந்தக் கூட்டத்தில் ஒரு எட்டுகூட நகர முடியாது. அங்கே பிரைம் லென்ஸோடு போனவர் வெட்டாமல் திரும்ப மாட்டார், அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை.

வெட்டக் கூடாது என்ற கட்சிக்குச் சாட்சியாக எப்போதும் அழைக்கப்படுபவர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். லைக்கா கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் அவருடைய வேலையில் பெரும்பகுதிக்குப் போதுமானதாக இருந்தன. நம் பக்கத்துக்கும் வந்தவர் அவர். 1950-இல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார், ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்தபோது அந்த ஊரிலேயே இருந்தார். அதே ஆண்டு மதுரையிலும் படமெடுத்திருக்கிறார். தன் படங்களின் ஓரத்தில் பிறர் கைவைப்பதை அவர் விரும்பியதில்லை. அப்படிப்பட்டவரின் பெயர் சொன்னதும் நினைவுக்கு வரும் படமோ கிராப் செய்யப்பட்டது. 1932-இல் பாரிஸின் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டுகிறார். பலகை வேலியின் இடுக்கு வழியே எடுத்த படம். இடுக்கு லென்ஸைவிடக் குறுகல், அதனால் ஓரத்தில் மறைப்பு விழுந்துவிட்டது, அந்த ஓரத்தை வெட்டினார்கள். வேலியைத் தாண்டிப் போக வழியில்லை. வெட்டியதால் தாண்டுகிறவருக்கு எந்தக் குறையும் வரவில்லை.

போக முடியாத இடத்தில், வெட்டப்போகிறோம் என்று தெரிந்தே எடுக்க வேண்டும். ஃபோகஸை முகத்தில் துல்லியமாக வைக்க வேண்டும், ஏனென்றால் வெட்டிப் பெரிதாக்கும்போது சிறு பிசகும் பெரிதாகும். கை நடுக்கமும் அப்படியே. முழுப் படத்துக்கு 1/60 வினாடி போதும் என்றால், பாதிக்கு வெட்டும் உத்தேசம் இருக்கும்போது 1/125-க்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது. பாலத்தின் அடியில் இருட்டு என்பதால் ஐஎஸ்ஓவை ஏற்றத் தோன்றும், அந்தப் புள்ளிப்புள்ளியான இரைச்சலும் வெட்டிய படத்தில் கூடுதலாகத் தெரியும். அபர்ச்சரைத் திறந்துகொள்வது மேல். தலைக்கு மேலும் கைக்கு வெளியிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க வேண்டும். இருப்பதை வெட்டலாம், விட்டுப்போனதை ஒட்ட முடியாது.

கேமராத் திரையிலோ போனிலோ அங்கேயே வெட்டுவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பெரிய திரையில் முழுப் படத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்த பிறகுதான் கத்தரி. முதலில் சாய்வு. பாலத்தூண் சரிந்து நின்றால் திருப்பி நேராக்க வேண்டும், அப்போதே நான்கு ஓரத்திலும் கொஞ்சம் போய்விடும். கிராப்பே கூடாது என்பவர்களும் இதை மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

பிறகு கணக்கு. 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 பிக்சல். திருமண ஆல்பத்தின் பக்க அளவான 12-க்கு 18 அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட 5400-க்கு 3600 வேண்டும். நீளத்திலும் அகலத்திலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் 4000 பிக்சல் மிஞ்சும், 18 அங்குலத்துக்கு அது அங்குலத்துக்கு 222 புள்ளி, கையில் வைத்துப் பார்க்க நன்றாகவே இருக்கும். பாதியாக வெட்டினால் 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும், 300 புள்ளிக் கணக்கில் 10 அங்குலத்தோடு சரி. 1858-இல் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கு இந்த வசதிகூட இல்லை. அவருடைய காகித நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ அச்சும் அவ்வளவுதான், வெட்டினால் படமே சிறிதாகிவிடும். மகாலையும் தெப்பக்குளத்தையும் எடுக்க அந்தப் பெரிய கேமராவோடு அவரே இடம் மாற வேண்டியிருந்தது.

நாம் வெட்டாவிட்டாலும் காகிதம் வெட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேமராவின் ஃபிரேம் 3-க்கு 2 விகிதம். 4-க்கு 6 அங்குலத் தாளில் முழுதாக அடங்கும். அதையே 8-க்கு 10 கேட்டால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். குடும்பப் படத்தில் ஓரத்தில் நின்ற சித்தப்பாவின் தோள் லேபில் காணாமல்போவது இப்படித்தான். அச்சு அளவைக் கேட்டுக்கொண்டு படம் எடுத்தால் சித்தப்பா தப்பிப்பார்.

இனிதான் முக்கியமான வேலை. வெட்டப்போகும் பகுதியில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். “ஒயர், தட்டியின் மூலை, பஸ்ஸின் பின்பக்கம்” என்றால் வெட்டலாம். “பக்கத்தில் உட்கார்ந்து வாழைநார் கிழித்துக்கொடுக்கும் மகள்” என்றால் நிறுத்த வேண்டும். மகளை வெட்டினால் மீதிப் படத்தில் பாலத்து நிழலில் தனியாக ஒரு பெண். பார்க்கிறவர் பரிதாபப்படுவார், பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் அந்த அக்கா தனியாக இல்லை. ஓர் அங்குல வெட்டில் அவருடைய குடும்பத்தை எடுத்துவிட்டோம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2020 ஜனவரியில் டாவோஸில் ஐந்து இளம் பெண்கள் பருவநிலைக்காகக் குரல்கொடுத்து வரிசையாக நின்றார்கள். கிரேட்டா துன்பெர்க் உட்பட நான்கு பேர் வெள்ளையர், ஓரத்தில் நின்ற ஐந்தாமவர் உகாண்டாவின் வனேசா நகாடே. அசோசியேட்டட் பிரஸ் முதலில் வெளியிட்ட படத்தில் அவர் இல்லை. பின்னாலிருந்த கட்டடம் கண்ணை உறுத்தியது, அழகுக்காக வெட்டினோம் என்று விளக்கம் வந்தது. அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே பெண் அந்த அழகுக்கு விலையானார், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இதற்கு நேர்மாறாக, 2010-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் உக்ரைன்காரர் ஸ்டெபான் ரூதிக்கின் பரிசு பறிக்கப்பட்டது. தெருச்சண்டைக்காரர்களின் பெரிய காட்சியிலிருந்து, கட்டுப் போடும் கையை மட்டும் மிக நெருக்கமாக வெட்டி எடுத்த படம் அது. அந்தப் பெரிய வெட்டு குற்றமாகவில்லை. கைக்குப் பின்னே தெரிந்த யாரோ ஒருவரின் பாதத்தின் துண்டை மென்பொருளில் அழித்ததுதான் குற்றமாயிற்று. தேவையற்ற ஓரங்களை நீக்கும் கிராப்பை அந்தப் போட்டியின் விதி அனுமதிக்கிறது, உள்ளே இருப்பதை அழிப்பதை அனுமதிப்பதில்லை. விதியாக இது சரி. ஆனால் இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு பாதத்தின் துண்டை அழித்ததைவிட ஓர் ஆளை வெட்டியது கொடியது என்றே எனக்குப் படுகிறது. எவ்வளவு வெட்டினோம் என்ற சதவீதக் கணக்கு இங்கே உதவாது.

வெட்டிய படத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்து, கேமரா பதிவுசெய்த ரா கோப்பைத் தொடாமல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். போட்டிக்கு அனுப்புவதானால் கடைசிச் சுற்றில் அந்த ரா கோப்பைத்தான் கேட்பார்கள். பூக்கார அக்காவுக்குப் படம் கொடுப்பதானால் 4-க்கு 6 தாளில் முழு ஃபிரேமையும் ஒன்று, வெட்டியதை ஒன்று என இரண்டு அச்சுப் போட்டுக் கொடுங்கள். எதை வெளியே காட்டலாம் என்று அவரிடமே கேட்டுவிடலாம்.