பொம்மைக் கட்டையில் உருவான கூகுள் பெட்டி! 2 மாணவர்கள் செய்த வேலை

கடைத்தெருவில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குமே, ஒன்றன் மேல் ஒன்று 'டக்'கென்று பொருந்தும் கலர் பிளாஸ்டிக் கட்டை! கூகுளின் தகவல்களை முதன்முதலில் அடைத்து வைத்த பெட்டியை அந்த மாதிரிக் கட்டையால்தான் கட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? நடந்த சங்கதிதான்.

1996-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம். லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற 2 ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு விபரீத ஆசை. இன்டர்நெட்டில் இருக்கிற பக்கங்களை எல்லாம் திரட்ட வேண்டும். எது முக்கியம், எது சொத்தை என்று தரம் பிரிக்க வேண்டும்.

சரி, திரட்டியதை எங்கே வைப்பது?

தலா 4 ஜி.பி. கொள்ளும் ஹார்டு டிஸ்க் 10 சேர்த்தார்கள். மொத்தம் 40 ஜி.பி. அன்றைக்கு அது பெரிய சரக்கு! அவற்றை அடுக்க மலிவான பெட்டி வேண்டும். டிஸ்க் கூடக் கூட பெட்டியும் வளர வேண்டும். எடுத்தார்கள் பொம்மைக் கட்டையை! இடம் போதாவிட்டால் இன்னும் நாலு கட்டையைச் செருகினால் போதும். அவ்வளவுதான் செலவு.

பிறகு டிஸ்க் வாங்கியே கிரெடிட் கார்டு கடன் ஏறியது. 1998 ஆகஸ்டில் தொழிலதிபர் ஆண்டி பெக்டோல்ஷீம் 1 லட்சம் டாலருக்கு 'செக்' எழுதிக் கொடுத்தார். செப்டம்பரில் கூகுள் கம்பெனி பதிவானது.

இன்று 40 ஜி.பி. விரல் நகம் அளவு சில்லுக்குள் அடங்கிவிடும். அந்தக் கலர் பெட்டியையோ ஸ்டான்போர்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் காட்சிக்கு வைத்தார்கள்!

வீட்டில் பிள்ளை கட்டையை இறைத்துப் போட்டிருந்தால், அதட்டும் முன் என்ன கட்டுகிறான் என்று ஒருதரம் எட்டிப் பாருங்கள்.