பதவி யாருடைய சொத்து?

"வெயிலில் காய்ந்தோம், சுவரொட்டி ஒட்டினோம், வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஆட்சியும் வந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேலை போட்டுத் தந்தால் என்ன குறைந்துவிடும்?"

நைனார்பாளையமானாலும் சின்னசேலமானாலும் கல்வராயன் மலையடிவாரத்து வேறெந்த ஊரானாலும், எந்தக் கட்சியின் கொடி ஏறினாலும், அந்தக் கொடிக்கம்பத்தடியில் எழுகிற கேள்வி இது. கேட்கும் தோழர்களை நாம் ஏசப் போவதில்லை. உழைத்தவன் கூலி கேட்கிறான், அதிலே குற்றமென்ன? ஆனால், கூலியாகக் கேட்கப்படும் அந்தப் பொருள் யாருடையது என்று பார்க்க வேண்டாமா? சர்க்கார் உத்தியோகம் மந்திரியின் சொத்தா? கட்சியின் சொத்தா? அல்லது, வரி கட்டும் ஊராரின் சொத்தா?

இந்தக் கேள்வியைக் கேட்டுக்கேட்டு அல்லல்பட்ட நாடு ஒன்று உண்டு. அது அமெரிக்கா.

அங்கே குடியரசு பிறந்தபோது ஓர் ஏற்பாடு செய்தார்கள். பதவிக்கு உரியவர் பெயரைக் குடியரசுத் தலைவர் சொல்வார். செனட் சபை ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். முதல் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் துறைமுகப் பதவிகளுக்கு ஒரு பெரிய பட்டியலை அனுப்பினார். சவானா துறைமுகத்துக்கு அவர் குறித்த பெஞ்சமின் ஃபிஷ்பர்ன் என்பவரைச் செனட் தள்ளிவிட்டது. நாட்டை விடுவித்த தளபதியின் சொல்லையே தள்ளினார்கள்! வாஷிங்டன் வேறொருவர் பெயரை அனுப்பினார். தலைவர் எவ்வளவு பெரியவரானாலும் பதவி அவர் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பொருளல்ல என்று அன்றே காட்டினார்கள்.

அதன்பின் வந்தது சோதனை. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜான் ஆடம்ஸ் தோற்றார். நாற்காலியைவிட்டு இறங்கும் முன்னே தம் கட்சியாரை நீதிபதிகளாக நியமித்துத் தள்ளினார். 1801 மார்ச் 3ஆம் நாள், அதாவது பதவிக்காலத்தின் கடைசி நாள், உத்தரவுகளுக்கு முத்திரை குத்தியவர் ஜான் மார்ஷல். நேரம் போதவில்லை; சில உத்தரவுகள் மேசையிலேயே கிடந்தன. மறுநாள் பதவியேற்ற ஜெபர்சன், "அவற்றைக் கொடுக்காதீர்கள்" என்றார். தலைநகரில் சிறு நீதிபதிப் பதவி கிடைக்க இருந்த வில்லியம் மார்பரி உச்சநீதிமன்றம் போனார். அங்கே தலைமை நீதிபதி யார் தெரியுமா? முத்திரை குத்திய அதே மார்ஷல்! 1803இல் தீர்ப்பு வந்தது. மார்பரிக்குப் பதவியில் உரிமை உண்டு. ஆனால் உத்தரவைக் கொடுக்கச் சொல்லும் அதிகாரத்தை இந்த நீதிமன்றத்துக்குத் தந்த சட்டப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்றார் மார்ஷல். மார்பரிக்கு வேலை கிடைக்கவில்லை. சட்டசபை செய்த சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாதென்று சொல்லலாம் என்ற மரபு உலகுக்குக் கிடைத்தது.

1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் வந்தார். "சர்க்கார் வேலை ஒன்றும் பெரிய வித்தையல்ல, அறிவுள்ள எவரும் செய்யலாம், ஒருவரே ஒட்டிக்கொண்டிருக்கலாகாது" என்பது அவர் வாதம். கேட்க இனிக்கிறது! ஆனால் நடந்ததென்ன? வென்ற கட்சிக்கே பதவிகள் என்று ஆயிற்று. அந்த ஆசை எங்கே போய் முடிந்தது? தேர்தலில் கட்சிக்காகப் பேசினேன், எனக்குப் பாரிசில் தூதரகப் பதவி வேண்டும் என்று அலைந்த ஒருவன், அது கிடைக்காத ஆத்திரத்தில் 1881இல் குடியரசுத் தலைவர் கார்பீல்டைச் சுட்டான். அவர் மாண்டார். 1883இல்தான், தேர்வு எழுதி வேலைக்கு வரும் சட்டம் அங்கே பிறந்தது.

அமெரிக்கக் கதை கிடக்கட்டும். நம்மூர்க் கதைக்கு வருவோம்.

தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஒரு காலத்தில் சர்க்கார் என்றால் யார்? கடலூரில் இருந்த கலெக்டரா? அவரைக் கண்டவன் யார்! வரி வசூலித்த மணியக்காரரும் கணக்கு எழுதிய கர்ணமுமே சர்க்கார். அடங்கலில் யார் பெயர் ஏறுகிறதோ அவனே சாகுபடியாளன். ஏர் பிடித்தவன் ஒருவன், ஏட்டில் ஏறியவன் இன்னொருவன் என்றால், ஏட்டுக்குத்தான் வெற்றி. அந்த ஏடு யார் கையில்? அப்பன் கையிலிருந்து மகன் கைக்கு! 1895ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்திருந்தது. வீடு, வயல், வண்டிமாடுபோலப் பதவியும் வாரிசுச் சொத்து.

ஆயிரம் ஆண்டுக்கு முன், 919லும் 921லும் உத்தரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன? கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்கின்றன. அந்தக் குடவோலையும் நிலமும் வேதமும் உடையோருக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. இருந்தாலும், உறவு என்பது அங்கே ஒருவனை விலக்கும் காரணமாக இருந்தது. 1895ஆம் ஆண்டுச் சட்டத்திலோ உறவே தகுதியாயிற்று!

இந்தக் கோட்டையில் ஓட்டை போட்டவர் ஒரு கிராமத்து மனிதர். குண்டூர் மாவட்டத்தில் பெரவலி என்ற ஊரைப் பிரித்துப் பெரவலிபாளையம் என்ற புதிய ஊர் ஆக்கினார்கள். அங்கே கிராம முன்சீப் பதவியைக் கேட்டார் காசுல தசரதராமராவ். பழைய முன்சீப் குடும்பத்தாருக்கே உரிமை என்றது சட்டம். அவர் நேரே உச்சநீதிமன்றம் போனார். 1960 டிசம்பரில் தீர்ப்பு: கிராமப் பதவியும் அரசுப் பதவியே, வம்சம் பார்த்து அதை வழங்குவது அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவுக்கு விரோதம். அமெரிக்காவில் மார்பரி கேட்டதும் சிறு பதவி. பெரவலிபாளையத்தில் கேட்டதும் சிறு பதவி. சிறு பதவிக்காக எழுந்த வழக்கு பெரிய கதவைத் திறந்தது, பார்த்தீர்களா?

தமிழகத்தில் அந்தப் பரம்பரைச் சட்டம் 1968இல் நீக்கப்பட்டது. ஆனாலும் பழைய நாற்காலிகள் உடனே காலியாகிவிடவில்லை. 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகள் அத்தனையும் ஒரே வீச்சில் ஒழிக்கப்பட்டன. வழக்கு நடந்தது, 1982இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. ஒரே நாளில் வேலை இழந்தவர்களில் ஏழைகளும் உண்டு, நேர்மையாளரும் உண்டு. அவர்கள் துயரை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆனால் அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தேர்வாணையத்தின் தேர்வு எழுதி வந்தார். கணக்கு ஏட்டைத் தொடவே கூடாதென்று தள்ளி நிறுத்தப்பட்ட சேரியின் மகனும் மகளும் அதே ஏட்டில் கையெழுத்திடும் காலம் பிறந்தது. அது சிபாரிசால் பிறந்ததா? இல்லை, தோழர்களே, விதியால் பிறந்தது.

அந்த விதிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1924இல் சென்னை மாகாணத்தில் ஊழியர் தேர்வுக் குழு அமைந்தது. 1929இல் சென்னைத் தேர்வாணையம் பிறந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. தேர்வு மட்டும் வைத்தால் போதுமா? படித்தவன் வீட்டில் மட்டுமே படிப்பு இருந்த நாட்டில், தேர்வும் வேலியாகிவிடுமே! ஆகவேதான் வகுப்புரிமை ஆணை. 1921இல் தொடங்கி, 1927இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது உருப்பெற்றது. பன்னிரண்டு இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பங்கிட்டார்கள். தேர்வாணையம் ஒரு கை, வகுப்புரிமை மறு கை. இரண்டும் சேர்ந்தால்தான் ஏழை வீட்டுப் பிள்ளை மேலே ஏற முடியும்.

கல்வராயன் மலையைப் பாருங்கள். 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆட்சி. நாடு விடுதலை பெற்று கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் மலை மக்களுக்கு விடியவில்லை. அவர்களில் ஒரு பிள்ளை இன்று தேர்வு எழுதுகிறான் என்றால், அவனுக்கு எந்த மந்திரியைத் தெரியும்? எந்த மாவட்டச் செயலாளரைத் தெரியும்? அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பாடப் புத்தகம். அவனுக்கென உள்ளது பழங்குடியினருக்கான ஒரு சதவிகித இடம். நம் சிபாரிசுச் சீட்டு ஒன்று உள்ளே நுழைந்தால், வெளியே தள்ளப்படுபவன் பணக்காரன் மகனல்ல. அவனுக்கு ஆயிரம் வழி உண்டு. தள்ளப்படுபவன் இந்த மலைப் பிள்ளைதான்!

இன்னொன்றும் சொல்வோம். இன்று நம் ஆட்சியில் நம் சீட்டு செல்லும். நாளை மாற்றார் ஆட்சியில் அவர்கள் சீட்டு செல்லும். அப்போது எந்த முகத்தோடு குற்றம் சொல்வோம்? கர்ணத்தின் மகனே கர்ணம் என்பதை எதிர்த்தவர்கள், கட்சிக்காரன் மகனே கிளார்க்கு என்று சொல்லலாமா?

தோழர்கள் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. படிப்பகத்தில் தேர்வுப் புத்தகங்களை வாங்கி வையுங்கள். தேர்வு அறிவிப்பைச் சுவரில் ஒட்டுங்கள். சுவரொட்டி ஒட்டத் தெரியாதவர்களா நீங்கள்? விண்ணப்பம் எழுதத் தெரியாத பிள்ளைக்கு எழுதிக் கொடுங்கள். காலியிடம் நிரப்பப்படாமல் கிடந்தால் நிரப்பச் சொல்லிக் குரல் கொடுங்கள். தேர்வில்லாமல் பின்வாசல் வழியே ஆள் எடுத்தால், எடுப்பவர் நம்மவரே ஆனாலும் தட்டிக் கேளுங்கள்.

கொடி பிடித்த கைக்குக் கூலி வேண்டும்தான். அந்தக் கூலி, நைனார்பாளையத்துக் கூலிக்காரன் பிள்ளையும் எவர் வாசலிலும் நிற்காமல் உத்தியோகம் பெறும் நிலை. அதைவிடப் பெரிய கூலியை எந்த மந்திரியாலும் தர முடியாது.