பல் நடுமுன் நிலம் உயர்த்தல்

பல் விழுந்த இடத்தில் வேறு பல் வைத்துக்கொள்ளுதல் புதிய செய்தியன்று. கழற்றி மாட்டும் பல்செட்டு நம் பாட்டனார் காலத்திலேயே வழங்கிற்று. ஆனால் டைட்டேனியம் என்னும் உலோகத்தாலாகிய திருகொன்றைத் தாடையெலும்பில் வேர்போல ஊன்றி, எலும்பு அதனோடு ஒன்றி இறுகிய பின் அதன்மேற் பல்லை நிறுத்தும் முறையை 1965-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்துப் பிரோனேமார்க் என்னும் அறிஞர் மனிதரிடத்துச் செய்யத் தொடங்கினார். அவ்வேருக்கு இம்பிளாண்ட் என்று பெயர். அதனை ஊன்றுதற்கு எலும்பு போதாதபோது செய்யப்படும் ஸைனஸ் லிப்ட் என்னும் இரணசிகிச்சையைப்பற்றியும், அதனைச் செய்துகொண்டோர் தம்மைப் பேணிக்கொள்ளும் வகையைப்பற்றியும் ஈண்டுச் சில எழுதப் புகுகின்றோம். நம் பழைய மாணவருள் ஐம்பது வயதைக் கடந்தார்க்கு இது நேரே பயன்படும். இளைஞர்க்குத் தம் பெற்றோரைப் பேணுதற்கேனும் உதவும்.

மூக்கின் இருபுறத்தும், மேற்கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே, எலும்பினுள் இரண்டு வெற்றறைகள் உள. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 மில்லிலிட்டர் கொள்ளும். அவற்றைத் தெளிவுற விளக்கி 1651-இல் நூலெழுதியவர் நதானியேல் ஹைமோர் என்னும் ஆங்கில வைத்தியர். அவரிடம் வந்த ஒரு மாது, பல் பிடுங்கிய குழியில் இறகுத் தண்டொன்றை விட்டுப் பார்த்து, அது தடையின்றி மேலே செல்லக்கண்டு, தன் மூளையையே தொட்டுவிட்டதாக நடுங்கினாளாம். அத்தண்டு சென்றது இவ்வறைக்குள்ளேயாம். வாய்க்கும் இவ்வறைக்கும் இடையிலுள்ள எலும்பு எத்துணை மெல்லியது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கடைவாய்ப்பல் விழுந்தபின் அவ்விடத்து எலும்பு வேலையின்றி நாளடைவில் தேய்கின்றது. மேலிருக்கும் வெற்றறையும் கீழ்நோக்கிப் பெருகுகின்றது. பல்லாண்டு கழித்து வைத்தியரிடம் செல்வார்க்குச் சிலபோது 3 அல்லது 4 மில்லிமீட்டர் எலும்பே எஞ்சியிருக்கும். திருகோ பெரும்பாலும் 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளமுடையது. ஆகவே வைத்தியர் இடத்தை மரத்துப்போகச் செய்து, கன்னத்தை அடுத்த எலும்பில் ஒரு சிறு சாளரம் திறந்து, அறையின் உட்புறத்தை மூடிய சவ்வைக் கிழியாமற் பெயர்த்து மேலே உயர்த்தி, அதன் கீழ் உண்டாகும் இடைவெளியில் எலும்புத் துகளை இட்டு நிரப்பித் தைத்துவிடுகின்றார். அத்துகள் நோயாளியினுடைய எலும்பாகவோ, பதஞ்செய்த மாட்டெலும்பாகவோ, செயற்கைப் பொருளாகவோ இருக்கலாம். உணவு நெறியோ சமயநெறியோ பற்றித் தடையுடையார் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்க. அமெரிக்க நாட்டில் பாயின், ஜேம்ஸ் என்னும் இருவர் 1980-இல் இம்முறையை எழுதி வெளியிட்டனர்.

இனி நோயாளியின் பங்கு தொடங்குகின்றது. வைத்தியர் உயர்த்திவைத்த அச்சவ்வு பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் கனமும் இல்லாதது. வெங்காயத்தின் உட்தோலைப் போல்வது. அதன்மேற் புறத்தில் இருப்பது காற்று. அக்காற்று மூக்கோடு தொடர்புடையது. எனவே மூக்கை அடைத்துச் சிந்துவோமாயின், அவ்வழுத்தம் நேரே சவ்வின்மேற் சென்று தாக்கும். சவ்வு கிழிந்தால் துகள் அறைக்குள் சிதறும், கிருமி புகும், செலவும் வலியும் வீணாம். வைத்தியர் தரும் கட்டளைகளுட் பலவற்றுக்கு அடிப்படை இவ்வொன்றே. இதனை உணர்ந்தவர்க்கு அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை.

மூக்கைச் சிந்துதல் இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகாது. வழிவதை மெல்ல ஒற்றிக்கொள்க. தும்மல் வந்தால் அடக்கலாகாது. வாயை நன்கு திறந்து விடல்வேண்டும். சபையில் வாய்திறந்து தும்முதல் நாகரிகமன்றே என்பார்க்கு, கைக்குட்டை இருக்கின்றது என்பதே நம் விடை. இளநீரை உறிஞ்சுகுழலால் பருகாது, குவளையில் ஊற்றிக் குடிக்க. சங்கூதுவோர், நாதசுரம் வாசிப்போர், பாண்டு வாத்தியம் ஊதுவோர் வைத்தியர் விடைதரும்வரை கருவியைத் தொடலாகாது. கபாலபாதி முதலிய மூச்சுப்பயிற்சிகளும், நீரில் மூழ்குதலும், பளுத்தூக்கலும் அவ்வாறே. விமானப் பயணத்தை இரண்டு வாரமேனும் தள்ளிவைத்தல் நலம்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் கன்னம் வீங்கும். கண்ணின் கீழ்க் கருநீலம் படரலாம். மூக்கில் சிறிது இரத்தம் கசியலாம். இவை கண்டு அஞ்சற்க. முதல்நாள் பனிக்கட்டியைத் துணியிற் சுற்றி விட்டுவிட்டு ஒற்றலாம். உறங்குங்கால் தலையணை இரண்டு வைத்துத் தலையை உயர்த்திக்கொள்க. குழைந்த தயிர்ச்சோறும் ஆறிய கஞ்சியும் போதும். கொதிக்கும் இரசத்திற்கும் முறுக்குக்கும் சிலநாள் விடைகொடுக்க. மறுநாள் முதல் இளஞ்சூட்டு உப்புநீரை வாயில் அலம்பலாம். விசையாகக் கொப்பளித்தலும் காறித் துப்புதலும் கூடா. பழைய பல்செட்டை வைத்தியர் சரிசெய்து தரும்வரை அவ்விடத்து மாட்டலாகாது. ஆனால் மூன்றாம் நாளுக்குப் பின்னும் வீக்கம் மிகினும், காய்ச்சல் காணினும், மூக்கில் நாற்றமுடைய சீழ் வடியினும், குருதி நில்லாது ஒழுகினும், துகள் மிகுதியாக வெளிப்படினும் உடனே வைத்தியரை அடைதல் வேண்டும்.

புகையிலையைப்பற்றித் தனியே சொல்லல்வேண்டும். அறையின் சவ்வில் நுண்மயிர்கள் உள. அவை இடையறாது அசைந்து, உள்ளூறும் சளியை மேலேயுள்ள வாயிலை நோக்கித் தள்ளுகின்றன. வாயில் மேலே அமைந்திருத்தலின் அச்சளி தானே வழிந்துபோக வழியில்லை. புகை அம்மயிர்களை வலியிழக்கச் செய்கின்றது. எலும்பிற்குச் செல்லும் குருதியையும் குறைக்கின்றது. மூக்குப்பொடியோ துகளையும் தும்மலையும் ஒருங்கே தருவது. இவற்றை விட இயலாதார் இச்சிகிச்சையை மேற்கொள்ளாது கழற்றும் பல்லோடு அமைதலே நன்று என்பது நம் கருத்து.

இரண்டு வாரத்தில் தையல் நீங்கும், வலி மறையும். கடினமான காலம் அதன் பின்னரே வருகின்றது. இட்ட துகளினூடே புதிய குருதிக்குழல்கள் ஓடி, உயிருள்ள எலும்பு படர்ந்து இறுகுதற்கு நான்கு முதல் ஒன்பது திங்கள் செல்லும். அக்காலமெல்லாம் நோயாளிக்கு ஒன்றும் தோன்றாது. தோன்றாமையின், ஒன்றும் நிகழவில்லை என்றெண்ணி விரைவுபடுத்துமாறு வைத்தியரை நெருக்குவாரும், மறந்து போகாதொழிவாரும் உளர். பழைய எலும்பு 4, 5 மில்லிமீட்டரேனும் எஞ்சியவர்க்கு முதல் நாளிலேயே திருகையும் உடன் ஊன்றிவிடுதல் உண்டு; ஏனையோர் எக்ஸ்ரே படத்தில் எலும்பு திரண்டமை கண்ட பின்னரே திருகு பெறுவர். அதன்பின் திருகும் எலும்பும் ஒன்றுதற்கு மீண்டும் சில திங்கள் காத்து, மேற்பல் பொருத்தப்பெறுவர்.