வளைந்த கண்ணாடி விளக்கு வாங்குமுன்...

பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்காமல் நாம் மூட்டை எடுப்பதில்லை. வீட்டுக்குப் பழைய மேஜை விளக்கு வாங்கும்போது மட்டும் அழகில் மயங்கிவிடுகிறோம்.

வளைந்த கண்ணாடி விளக்குகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஏராளமாகச் செய்யப்பட்டவை. கனெக்டிகட் மாநிலம் மெரிடன் நகரின் ஹேண்டல், பிராட்லி அண்ட் ஹப்பர்ட் நிறுவனங்கள் இதில் பேர்பெற்றவை. டிஃப்பனி விளக்கில் எத்தனையோ சிறு துண்டுகளைப் பற்றுவைத்து இணைப்பார்கள். இவற்றிலோ சூடாக்கி அச்சில் வளைத்த சில பெரிய கண்ணாடிகளே. வேலை குறைவு, விலையும் குறைவு.

ஆனால் ஒன்று உடைந்தால் அதே வளைவில், அதே நிறத்தில் மாற்று கிடைப்பது அரிது. ஆகவே பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கண்ணாடியையும் பாருங்கள். விரிசல் இருந்தாலோ, ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தாலோ விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடிப்பாகத்தில் தேய்ந்த இடம் சாம்பல் நிறமானால் அது பித்தளை அல்ல, முலாம் பூசியது.

முக்கியமானது ஒயர். பழைய ரப்பர் உறை உதிர்ந்து ஷாக் அடிக்கும், தீயும் பற்றும். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நமது 230. எலக்ட்ரீஷியனிடம் ஒயர், ஹோல்டர், சுவிட்ச் மூன்றையும் மாற்றிய பிறகே ஏற்றுங்கள். சூடு குறைந்த எல்.இ.டி. பல்பே நல்லது.

‘பழசு’ என்ற சொல்லுக்கல்ல, கண்ணால் பார்த்த தரத்துக்கே நாம் பணம் கொடுப்போம்.