அதிகாரி வேறு, வழிகாட்டி வேறு

ஐடி கம்பெனியில் எட்டு வருட அனுபவமுள்ள ஒருத்தர் வேலையை விட்டால், அதே அனுபவமுள்ள இன்னொருத்தரை வெளியிலிருந்து எடுத்துவிடலாம். ராணுவத்தில் அது முடியாது. டாக்டர், வக்கீல் மாதிரி சில பிரிவுகளை விட்டால், எட்டு வருட கேப்டனின் இடத்துக்கு எட்டு வருடம் முன்னாடி சேர்ந்த ஆள்தான் வரணும். அதனால்தான் இருப்பவரைத் தக்கவைப்பது அங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973-ல் நின்றது. ஒப்புக்கொண்ட காலம் முடிந்தால் கிளம்பிவிடலாம். ஈராக் போர் நடந்துகொண்டிருந்த 2007-ல், இன்னும் மூன்று வருடம் இருக்கும் கேப்டன்களுக்கு, பிரிவைப் பொறுத்து 25,000 முதல் 35,000 டாலர் வரை தருவதாகத் தரைப்படை அறிவித்தது. இதில் ஒரு சிக்கல்: எப்படியும் இருக்கப்போகிறவரும் அந்தப் பணத்தை வாங்கிக்கொள்வார்.

போக நினைப்பவருக்குப் பணத்தைத் தாண்டியும் கேள்விகள் உண்டு. அடிக்கடி வரும் இடமாற்றம், கணவர் அல்லது மனைவியின் வேலை, அடுத்து என்ன பொறுப்பு என்கிற குழப்பம். இதை மேலதிகாரியிடம் பேசத் தயக்கம் இருக்கும். மதிப்பீட்டு அறிக்கை எழுதுவதே அவர்தானே!

வழிகாட்டி தேவைப்படுவது இங்கேதான். அமெரிக்கத் தரைப்படை விதிமுறையே இதை, பரஸ்பர நம்பிக்கையும் மரியாதையும் உள்ள, இருவரும் விரும்பி ஏற்கும் உறவு என்கிறது. விமானப்படையில் 'மைவெக்டர்' என்ற தளம் வழியாக வழிகாட்டியைத் தேடிக்கொள்ளலாம்.

பழைய உதாரணம் ஒன்று. 1922-ல் பனாமாவில் ஐசனோவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஃபாக்ஸ் கானர். வரலாற்றுப் புத்தகங்களைக் கொடுத்துப் படிக்க வைத்து, கேள்வி கேட்டு விவாதித்தார். மேலதிகாரியே வழிகாட்டியாகவும் இருந்திருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் பனாமாவை விட்டுப் போன பிறகும் கானர் அவரைக் கைவிடவில்லை. லெவன்வொர்த் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைக்க உதவினார். 1926-ல் ஐசனோவர் அங்கே முதலிடம் பிடித்தார்.

இத்தகைய திட்டங்களை எடைபோடும்போது ஒரு எச்சரிக்கை தேவை. வழிகாட்டி உள்ளவர்கள் அதிகம் தங்குகிறார்கள் என்று ஒரு கணக்கு வந்தால் உடனே நம்பிவிடக் கூடாது. தங்க நினைப்பவர்தானே முதலில் வழிகாட்டியைத் தேடிப் போவார்? அதனால், எத்தனை ஜோடி சேர்த்தோம் என்ற எண்ணிக்கையை விட, இடமாற்றத்துக்குப் பிறகும் எத்தனை ஜோடி பேசிக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.