ஆகாய விமானக் கம்பெனிகளின் கணக்கு

2025-ஆம் வருஷம் செப்டம்பரோடு முடிந்த மூன்று மாதங்களுக்கு இண்டிகோ விமானக் கம்பெனியார் வெளியிட்ட கணக்கில் 2,582 கோடி ரூபாய் நஷ்டம் காட்டப்பட்டது. ரூபாயின் மதிப்பு இறங்கியதனால் உண்டான பாதிப்பை நீக்கிப் பார்த்தால் 104 கோடி ரூபாய் லாபமென்றும் அவர்களே கூறினார்கள். ஒரே காலத்துக்கு லாபமும் நஷ்டமும் எப்படி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இதில் கள்ளக்கணக்கு ஏதுமில்லை.

இக்கம்பெனியின் விமானங்களிற் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை. குத்தகைப் பணமோ டாலரில் கொடுக்க வேண்டியது. 2019 ஏப்ரல் 1-ந் தேதி முதல் இந்தியாவில் அமலிலுள்ள விதிப்படி, ஒப்பந்தத்தின்கீழ் இனிக் கொடுக்கவேண்டிய பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, கடனாக ஐந்தொகையில் எழுதியாக வேண்டும். டாலர் விலை ஏறினால், பல வருஷங்களுக்குப் பிறகு கொடுக்கவேண்டிய பணமும் அன்றைக்கே ரூபாயில் வீங்கிவிடுகிறது. அவ்வீக்கத்தை நஷ்டமென்று எழுதுகிறார்கள்.

முன்பெல்லாம் வாடகையை அவ்வப்போது செலவெழுதிவிட்டு, கடனைப்பற்றி ஐந்தொகையில் வாய் திறவாதிருப்பதே உலக வழக்கம். சர்வதேசக் கணக்கு விதிகளை வகுக்கும் சபைக்குத் தலைவராயிருந்த ஸர் டேவிட் ட்வீடி, கம்பெனியின் ஐந்தொகையில் இடம்பெற்ற ஒரு விமானத்தில் சாவதற்குமுன் பறந்துவிட வேண்டுமென்று 2008-ல் பரிகாசமாகச் சொன்னார். புதிய விதி 2016-ல் பிரசுரமாகி 2019-ல் அமலுக்கு வந்தது.

அமெரிக்கா மட்டும் பாதி வழி வந்து நின்றுவிட்டது. அங்கும் கடன் ஐந்தொகையில் ஏறுகிறது. ஆனால் சாதாரணக் குத்தகைக்கு வருஷந்தோறும் சமமான வாடகையே செலவெழுதப்படுகிறது. சர்வதேச விதியைப் பின்பற்றுவோர் அதையே தேய்மானமென்றும் வட்டியென்றும் பிரித்துவிடுகிறார்கள். ஆகவே தேய்மானமும் வட்டியும் கழிப்பதற்கு முன்னுள்ள லாபத்தை வைத்து ஓர் அமெரிக்கக் கம்பெனியையும் ஓர் ஐரோப்பியக் கம்பெனியையும் ஒப்பிடுவது பிசகு.

வாடகையைக் கடனென்பது வெறும் சம்பிரதாயம் என்று சொல்வோர் உளர். கோ ஃபர்ஸ்ட் கம்பெனியின் கதையை அவர்கள் மறந்துவிட்டார்கள். 2023 மே மாதத்தில் அது திவால் சட்டத்தைச் சரணடைந்தது. சொந்தக்காரர்கள் விமானங்களைக் கேட்டு வழக்காடினார்கள். 54 விமானங்களின் பதிவை ரத்துசெய்யும்படி 2024 ஏப்ரலில் டில்லி ஹைகோர்ட் உத்தரவிட்டது. விமானம் போனபின் விமானக் கம்பெனியில் மிஞ்சுவது என்ன? 2025 ஜனவரியில் அதைக் கலைத்துவிடும்படி உத்தரவாயிற்று.

சொந்த விமானத்திலும் சங்கடமுண்டு. ஜெர்மனியின் லுஃப்தான்ஸா முன்பு ஒரு விமானத்துக்கு 12 வருஷ ஆயுளும், முடிவில் 15 சதவிகித மதிப்பும் வைத்திருந்தது. 2014 முதல் 20 வருஷம், 5 சதவிகிதம் என்று மாற்றிக்கொண்டது. நூறு கோடி ரூபாய் விமானமென்று வைத்துக்கொண்டால், வருஷத் தேய்மானம் சுமார் 7 கோடியே 8 லட்சத்திலிருந்து 4 கோடியே 75 லட்சமாக இறங்குகிறது. பிரயாணி ஒருவர்கூட அதிகமாக ஏறவில்லை. லாபம் மட்டும் 2 கோடியே 33 லட்சம் ஏறிவிட்டது! விமானங்கள் இருபது வருஷம் பறக்கக்கூடியவையே. மாற்றம் நியாயமற்றதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆயுளை நிர்ணயிப்பவர் டைரக்டர்கள், நம்புகிறவர் பங்குதாரர்.

வழக்கைத் தீர்ப்பது பெரும்பாலும் பத்திரத்தின் அடிக்குறிப்பே என்பது வக்கீல் தொழிலில் நாம் கண்ட அனுபவம். விமானங்களுக்கு எத்தனை வருஷ ஆயுள், முடிவில் என்ன மதிப்பு, டாலருக்கு ஒரு ரூபாய் ஏறினால் குத்தகைக் கடன் எவ்வளவு ஏறும் என்ற மூன்று விவரங்களையும் அறிக்கையின் முதற் பக்கத்திலேயே அச்சிடும்படி, அடுத்த வருஷாந்தக் கூட்டத்தில் பங்குதாரர்கள் எழுந்து கேட்பார்களாக.